தொண்டு நிறுவனத்துக்குத் தலைவர் தேடும் நேர்காணல்: கேட்க வேண்டியவையும் கேட்கத் தவறுபவையும்

மார்க் எவர்சன் 2007 மே மாத இறுதியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நாட்டின் வருமான வரித் துறை ஆணையராக இருந்தவர். பெரிய அமைப்புகளை நடத்திப் பழகியவர். ஆறே மாதத்தில், நவம்பர் 27 அன்று, தமக்குக் கீழே பணியாற்றிய ஒருவருடன் தனிப்பட்ட உறவு வைத்திருந்தார் என்பதற்காக வாரியம் அவரிடம் ராஜினாமாவைக் கேட்டு வாங்கியது. அவருக்கு முன் நிரந்தரத் தலைவராக இருந்த மார்ஷா எவன்ஸ் கடற்படையில் ரியர் அட்மிரலாகப் பணியாற்றியவர். கத்ரீனா சூறாவளி நிவாரணம் பற்றிய கடும் விமர்சனங்கள், வாரியத்துடன் உரசல் என்ற சூழலில் 2005 டிசம்பரில் விலகினார். அவருக்கும் முந்தையவரான பெர்னடீன் ஹீலி இதயநோய் மருத்துவர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் இயக்குநராக இருந்தவர். செப்டம்பர் 11 தாக்குதலை ஒட்டித் திரண்ட நன்கொடையை எப்படிச் செலவிடுவது என்ற சர்ச்சைக்கு நடுவே 2001-ல் அவர் வெளியேற நேர்ந்தது.

மூவரின் தகுதிச் சான்றுகளிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. மூவரும் முறையான தேர்வில் தேறி வந்தவர்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்த வாரியத்தில் 50 பேர் இருந்தார்கள். எது வாரியத்தின் வேலை, எது தலைவரின் வேலை என்ற எல்லையே அங்கே தெளிவாக இல்லை. இதை அந்த வாரியமே 2006-ல் ஆராய்ந்து ஒப்புக்கொண்டது. 2007 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, உறுப்பினர் எண்ணிக்கையை 2012-க்குள் 20-க்கு மேல் போகாமல் குறைக்கச் சொன்னது. மேற்பார்வையும் கொள்கையும் வாரியத்தின் பொறுப்பு என்று வரையறுத்தது. 2008 ஜூனில் வந்த கெயில் மெக்கவர்ன், 20.9 கோடி டாலர் பற்றாக்குறையோடு இருந்த சங்கத்தை ஏற்று 16 ஆண்டுகள் நடத்தினார்.

இந்த வரலாற்றை ஒரு தனிநபரின் வெற்றியாகவும் மற்ற மூவரின் தோல்வியாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தால் முக்கியமான பாதி விட்டுப்போகும். தேர்ந்தெடுக்கும் குழு தன் வேலையைத் தெளிவுபடுத்திக்கொள்ளாதவரை எத்தனை திறமைசாலிகளை அழைத்து எத்தனை கேள்வி கேட்டாலும் பயன் குறைவு. தொண்டு நிறுவனத் தலைமைக்கான நேர்காணலில் முதலில் சோதனைக்கு உள்ளாக வேண்டியது மேசையின் உள்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அதற்கான சான்றுகள் அமெரிக்காவில் மட்டுமல்ல, பிரிட்டனிலும் இந்தியாவிலும் கிடைக்கின்றன.

ஏன் இது கடினமான தேர்வு

வணிக நிறுவனத்தில் பொருளை வாங்குபவரே பணம் தருகிறார். பொருள் பிடிக்கவில்லை என்றால் விற்பனை சரியும். நிர்வாகத்தின் கோளாறு அடுத்த காலாண்டிலேயே தெரிந்துவிடும். தொண்டு நிறுவனத்தில் பணம் தருபவர் ஒருவர், சேவை பெறுபவர் இன்னொருவர். மும்பையில் இருக்கும் நன்கொடையாளருக்கு அறிக்கை திருப்தியாக இருந்தால் அடுத்த தவணை வந்துவிடும். கிராமத்துப் பெண்களுக்கு அந்தத் திட்டத்தால் ஒரு பலனும் இல்லை என்றாலும் பணம் உடனே நின்றுவிடாது. அதனால் நல்ல தலைவர் யார் என்பதை ஆண்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்லிவிட முடிவதில்லை. சொல்லத் தெரிந்தவரையும் செய்யத் தெரிந்தவரையும் பிரித்தறிவது இந்தத் துறையில் கூடுதல் சிரமம்.

தேர்வு செய்பவர்களுக்கும் பழக்கம் குறைவு. அறங்காவலர்கள் பெரும்பாலும் ஊதியம் இல்லாமல் பணியாற்றுபவர்கள். ஆண்டுக்குச் சில முறை கூடுவார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவர்களின் பதவிக்காலத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம். அமெரிக்காவில் போர்டுசோர்ஸ் அமைப்பு 2017-ல் நடத்திய ஆய்வில், தலைமை மாற்றத்துக்கு எழுத்துபூர்வமான திட்டம் வைத்திருந்த தொண்டு நிறுவனங்கள் 27% மட்டுமே. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே பிரிட்ஜ்ஸ்பான் குழுமத்தின் தாமஸ் டியர்னி, 2007-லிருந்து 2016-க்குள் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு 6.4 லட்சம் புதிய மூத்த நிர்வாகிகள் தேவைப்படுவார்கள் என்று கணக்கிட்டு எச்சரித்திருந்தார். தேவை வரப்போகிறது என்பது தெரிந்தும் ஆயத்தம் நடக்கவில்லை.

இந்தியாவில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. இங்கே பல நிறுவனங்கள் ஒரு நிறுவனரின் உழைப்பில் எழுந்தவை. அவர் விலகும் நாள் வரும்வரை நேர்காணல் என்ற பேச்சே எழுவதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்குப் பிறகு, அவரோடு சேர்ந்து உழைத்த குடும்பத்து மருத்துவர்களே பொறுப்பை ஏற்று நடத்தினார்கள். பிரதம் அமைப்பில் 1996-ல் சேர்ந்த ருக்மிணி பானர்ஜி, ‘அசர்’ கல்வி ஆய்வை ஆண்டுக்கணக்கில் வழிநடத்திய பிறகு 2015-ல் தலைமைச் செயல் அலுவலர் ஆனார். அகமதாபாத்தில் இளா பட் 1972-ல் நிறுவிய சேவா ஒரு தொழிற்சங்கம். அங்கே உறுப்பினர்களான பெண் தொழிலாளர்களே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த மூன்று வழிகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பொறுப்புக்கு வருபவரின் வேலையைப் பிறர் நெடுங்காலம் நேரில் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது இந்த அனுகூலம் இல்லாமல் போகிறது. பல ஆண்டுகள் பார்த்துத் தெரிந்துகொள்வதைச் சில மணி நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்தில் நேர்காணல் நடக்கிறது.

விளம்பரம் கொடுக்கும் முன்

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அனுபவம் இதில் கூர்ந்து பார்க்கத்தக்கது. அந்தக் கலைக்களஞ்சியத்தை எழுதுபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதுபவர்களும் அவர்களில் அடக்கம். 2014-ல் அறக்கட்டளை மென்பொருள் துறையிலிருந்து லீலா டிரெட்டிகோவை நிர்வாக இயக்குநராக நியமித்தது. தேடல் தொழில்நுட்பம் சார்ந்த ஒரு திட்டத்துக்கு நைட் அறக்கட்டளை வழங்கிய 2.5 லட்சம் டாலர் நிதியின் விவரம் தன்னார்வலர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்தது, ஊழியர்கள் அடுத்தடுத்து விலகினார்கள், 2016 பிப்ரவரியில் அவரும் விலகல் அறிவிப்பை வெளியிட்டார்.

தொழில்நுட்பம் தெரிந்தவர் வேண்டும் என்று அறக்கட்டளை தேடியது. தொழில்நுட்பம் தெரிந்தவரே கிடைத்தார். சம்பளப் பட்டியலில் இல்லாத, கட்டளையிட முடியாத ஆயிரக்கணக்கானோரின் சம்மதத்தோடு வேலை நடத்தத் தெரிந்தவர் வேண்டும் என்பதே அந்தப் பொறுப்பின் மையத் தேவை. அடுத்து, உள்ளிருந்தே தகவல் தொடர்புப் பிரிவின் தலைவராக இருந்த கேத்ரின் மெஹர் முதலில் இடைக்காலமாகவும் சில மாதங்களில் நிரந்தரமாகவும் பொறுப்பேற்றார். 2021-ல் தென்னாப்பிரிக்காவில் இளைஞர் வேலைவாய்ப்பு அமைப்பு ஒன்றை நடத்திவந்த மரியானா இஸ்கந்தர் தேர்வானபோது, 2022 ஜனவரியில் பதவியேற்கும் முன்னரே பல நாட்டுத் தன்னார்வலர்களைத் தேடிப் பேசி, கேட்டறிந்ததை எழுதி வெளியிட்டார்.

ஆகவே விளம்பரம் எழுதும் முன் வாரியம் தனக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அடுத்த மூன்றாண்டில் இந்த நிறுவனம் வளரப் போகிறதா, இருப்பதைக் காக்கப் போகிறதா, சில வேலைகளை மூடப் போகிறதா? முந்தைய தலைவர் ஏன் போனார்? நிறுவனர் இன்னும் அலுவலகத்துக்கு வருவாரா, வந்தால் எந்த அதிகாரத்தோடு? பணம் திரட்டும் பொறுப்பு யாருடையது? இவற்றுக்கு அறங்காவலர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தால், நேர்காணல் அறையில் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் இருக்கும் பதவிக்கு ஆள் தேடுவார்கள். கடைசியில் யாரும் எதிர்க்காத ஒருவர் தேர்வாவார். அவர் எந்த வேலைக்காக வந்தார் என்பது முதல் வாரியக் கூட்டத்திலேயே சர்ச்சையாகும்.

பணிக்குறிப்பில் இருபது தகுதிகளை அடுக்குவதும் இதே குழப்பத்தின் அடையாளம். தொலைநோக்கு, நிதி திரட்டும் திறன், கள அனுபவம், அரசுடன் தொடர்பு, ஆங்கிலப் புலமை, கணினி அறிவு என்று எல்லாம் கேட்டால் எதுவும் கேட்கவில்லை என்றே பொருள். முதல் பதினெட்டு மாதத்தில் நடந்தாக வேண்டிய நான்கைந்து காரியங்களை எழுதி, அவற்றிலிருந்து தகுதிகளை வருவிப்பது நல்ல வழி.

கலந்துரையாடலும் கட்டமைந்த நேர்காணலும்

நேர்காணலின் நம்பகத்தன்மை பற்றி நூறாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முதன்மை மேற்கோளாக நெடுங்காலம் இருந்தது. தேர்வு முறையின் மதிப்பெண்ணுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள உறவை 0 முதல் 1 வரை அவர்கள் அளந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணலுக்கு 0.51, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38 கிடைத்தது. 2022-ல் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் பழைய கணக்கீட்டில் இருந்த மிகைத்திருத்தங்களை நீக்கி மறுபடி கணக்கிட்டார்கள். பெரும்பாலான எண்கள் இறங்கின. ஆனால் 0.42-உடன் கட்டமைந்த நேர்காணல் பட்டியலின் உச்சிக்கு வந்தது. கட்டமைப்பு இல்லாத நேர்காணல் 0.19-க்குச் சரிந்தது. பணியாற்றிய ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு 0.07 மட்டுமே.

கடைசி எண் தொண்டு நிறுவன வாரியங்கள் கவனிக்க வேண்டியது. ‘இருபத்தைந்து ஆண்டு அனுபவம்’ என்ற வரி தன்விவரக் குறிப்பில் கண்ணைப் பறிக்கிறது. அத்தனை ஆண்டும் என்ன செய்தார் என்று கேட்காதவரை அந்த வரி பெரிதாக எதையும் சொல்வதில்லை.

கட்டமைந்த நேர்காணல் உயிரற்ற சடங்காகிவிடும் என்பது பலரின் அச்சம். 1950-களின் நடுவில் இஸ்ரேலிய ராணுவத்தில் இதே அச்சத்தை இளம் உளவியலாளர் டேனியல் கானமன் எதிர்கொண்டார். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், வீரர்களின் பணியிடத்தைத் தீர்மானிக்கும் நேர்காணலைச் சீரமைத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் நடந்தவற்றைப் பற்றிய கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நேர்காணல் செய்தவர்கள் தங்களை எந்திரமாக்கிவிட்டதாகக் கோபப்பட்டார்கள். அவர்களுக்காக அவர் இறுதியில் ஒரு படியைச் சேர்த்தார்: ஆறு மதிப்பெண்ணும் போட்டு முடித்த பின் கண்ணை மூடி, இந்த ஆளை வீரராக எண்ணிப் பார்த்து ஒரு பொது மதிப்பெண் தரலாம். பல மாதம் கழித்து ஒப்பிட்டபோது புதிய முறை பழையதைவிட நன்றாக வேலை செய்திருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பலித்திருந்தது. உள்ளுணர்வுக்கு இடம் உண்டு. சான்றுகளைத் தனித்தனியே எடைபோட்ட பிறகுதான் அது நம்பத்தக்கதாகிறது.

வாரியங்கள் இதைச் செய்ய நிபுணர் யாரும் தேவையில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மதிப்பெண்ணை எழுதி மடித்து வைத்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும் என்ற ஒரே விதி போதும். இல்லையென்றால் தலைவரோ பெரிய நன்கொடையாளரோ முதலில் சொன்ன கருத்தைச் சுற்றியே மற்றவர்களின் கருத்தும் அமைந்துவிடும்.

ஒரு தாள், நாற்பத்தைந்து நிமிடம்

பேச்சைக் குறைத்து வேலையைச் செய்யவைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. மூத்த பதவிக்கு ஏற்ற பயிற்சி, ஒரு பக்க நிதிநிலைத் தாள்.

கற்பனையான ஒரு நிறுவனம். ஆண்டு வருமானம் 4 கோடி ரூபாய். அதில் 2.6 கோடி ஒரே நன்கொடையாளரிடமிருந்து வருகிறது; அந்த ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிப்பு உறுதியில்லை. மாதச் சம்பளச் செலவு 22 லட்சம். கையிருப்பு 40 லட்சம். இந்தத் தாளை விண்ணப்பதாரரிடம் கொடுத்து, முக்கால் மணி நேரம் தனியே விட்டு, பிறகு வாரியத்திடம் பேசச் சொன்னால் பல விஷயங்கள் வெளிப்படும்.

கணக்குப் போடத் தெரிந்தவர் உடனே சொல்வார்: அந்த நன்கொடை நின்றால் மிஞ்சும் 1.4 கோடியில் மாதத்துக்கு 11.7 லட்சம்தான் வரும். சம்பளத்துக்கு மட்டுமே மாதம் பத்து லட்சத்துக்கு மேல் துண்டு விழும். கையிருப்பு நான்கு மாதம்கூடத் தாங்காது. துறை தெரிந்தவர் அதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: இந்த 40 லட்சத்தில் மூலதன நிதி எவ்வளவு, வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் இருப்பது எவ்வளவு, குறிப்பிட்ட திட்டத்துக்கு என்று கட்டுண்ட பணம் எவ்வளவு? கையிருப்பு என்று எழுதியிருப்பது எல்லாம் சம்பளத்துக்கு எடுக்கக்கூடிய பணம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மனிதர்களை நடத்தத் தெரிந்தவர், ஊழியர்களிடம் இதை எந்த மாதம் சொல்வீர்கள் என்று வாரியம் கேட்கும் முன்பே தேதியோடு பதில் வைத்திருப்பார். எந்த வேலையை முதலில் நிறுத்துவது, அதனால் யார் பாதிக்கப்படுவார்கள் என்றும் பேசுவார். ‘புதிய நன்கொடையாளர்களைத் தேடுவேன்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிற்பவரிடம் வாரியம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நோக்கத்தைப் பற்றிய கேள்வியை நடத்தையில் கேட்பது

‘சமூகப் பணியில் ஏன் ஆர்வம்?’ என்ற கேள்வி எல்லா நேர்காணலிலும் வருகிறது. எல்லோரிடமும் அதற்கு நல்ல பதில் உண்டு. எனவே அது யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. ‘நிறுவனத்தின் நோக்கத்தோடு ஒட்டாத பணத்தை மறுத்ததுண்டா? எவ்வளவு தொகை? அந்த முடிவை யாரோடு பேசி எடுத்தீர்கள்? பிறகு சம்பளத்துக்கு என்ன வழி செய்தீர்கள்?’ என்று படிப்படியாகக் கேட்டால் பதிலில் ஆளும் தேதியும் தொகையும் வந்தாக வேண்டும். அவை வராதபோது குழுவுக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது.

இதே வகையில் வாரியத்துடனான உறவையும் கேட்கலாம். அறங்காவலர் ஒருவர் ஊழியரை நேரில் அழைத்து உத்தரவிட்டபோது என்ன செய்தீர்கள்? நிதி அதிகம் திரட்டித் தரும் மேலாளர் மீது பாலியல் புகார் வந்தபோது முதல் 24 மணி நேரத்தில் என்ன நடந்தது? இந்தியாவில் பத்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவின் வேலையில் தலையிடாமல் புகார் கொடுத்தவரைக் காப்பது எப்படி என்பதைத் தலைமைக்கு வருபவர் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கார்ப்பரேட் துறையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தனிக் கேள்வி பொருந்தும். சம்பள உயர்வோ பதவி உயர்வோ தந்து வேலை வாங்க முடியாத இடத்தில், பஞ்சாயத்துத் தலைவர், சுயஉதவிக் குழு, தன்னார்வலர் என்று பலரையும் சேர்த்துக்கொண்டு எதையாவது முடித்திருக்கிறீர்களா? குடியிருப்போர் சங்கத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ செய்த வேலைகூட இதற்குச் சான்றாகலாம். கெயில் மெக்கவர்ன் தொலைத்தொடர்பு, முதலீட்டு நிறுவனங்களிலிருந்து பேராசிரியர் பணி வழியாக வந்தவர். துறை மாறி வருவது தகுதிக் குறைவு அல்ல. புதிய துறையைப் பற்றி என்ன விசாரித்தார், யாரிடம் பேசினார், எத்தனை கிராமத்தைப் போய்ப் பார்த்தார் என்பதே முக்கியம்.

பரிந்துரைக் கடிதம் மறைத்தது

2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் ஆக்ஸ்ஃபாம் நடத்திய நிவாரணப் பணியின் இயக்குநர், பாலியல் முறைகேடு பற்றிய விசாரணையை ஒட்டி 2011-ல் பதவி விலகினார். அடுத்த ஆண்டே வங்கதேசத்தில் பிரான்ஸைச் சேர்ந்த ‘பசிக்கு எதிரான செயல்பாடு’ அமைப்பின் பணித் தலைவராகச் சேர்ந்தார். 2018 பிப்ரவரியில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் விவகாரத்தை வெளிக்கொண்டுவந்த பின், அந்த அமைப்பு தாங்கள் முன்விசாரணை செய்ததாகவும், எச்சரிக்கை ஏதும் கிடைக்கவில்லை என்றும், முன்னாள் ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் நல்லவிதமாகவே பரிந்துரைத்தார்கள் என்றும் சொன்னது. பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் 2019 ஜூனில் ஆக்ஸ்ஃபாமின் நிர்வாகக் குறைகளைப் பட்டியலிட்டு அதிகாரபூர்வ எச்சரிக்கை விடுத்தது.

நண்பர்களான பரிந்துரையாளர்கள் பேசுவதும், நிறுவனம் தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதும் வேறு வேறு என்பதை இந்தச் சம்பவம் துறைக்கே உணர்த்தியது. இதன் விளைவாக 2019 ஜனவரியில் மனிதாபிமான அமைப்புகளின் கூட்டுக் குழு ஒன்று முறைகேட்டுத் தகவல் பகிர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் சேர்ந்த நிறுவனங்கள், விண்ணப்பதாரர் கடந்த ஐந்தாண்டில் பணியாற்றிய இடங்களிடம் பாலியல் சுரண்டல், துன்புறுத்தல் குறித்த விசாரணை முடிவுகளை நேரடியாகக் கேட்டுப் பெறுகின்றன; தங்களிடம் கேட்டால் சொல்கின்றன.

இந்தியத் தொண்டு நிறுவனங்களில் பரிந்துரை இன்றும் பெரும்பாலும் தொலைபேசியில் ‘ஆள் எப்படி?’ என்ற கேள்வியோடு முடிகிறது. விண்ணப்பதாரர் பெயர் கொடுத்த இருவரோடு நிற்காமல், அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர், அவரை மேற்பார்வையிட்ட வாரிய உறுப்பினர் ஒருவர், நிதி வழங்கிய ஒருவர் என்று மூன்று கோணத்தில் விசாரிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பதாரரின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது மரியாதை. ‘மறுபடியும் இவரோடு வேலை செய்வீர்களா?’ என்ற கேள்விக்குப் பதில் வரும் முன் ஏற்படும் தயக்கத்தைக் குறித்துக்கொள்ளலாம். தயக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மேலும் விசாரிக்கலாம்.

விண்ணப்பதாரர் கேட்க வேண்டியவை

ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பில் 2018-ல் இரு ஊழியர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பின் வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட கான்டெரா குழு 475 ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு 2019 தொடக்கத்தில் அளித்த அறிக்கை, மிரட்டலும் நம்பிக்கையின்மையும் மலிந்த பணிச்சூழலை விவரித்தது. 2018 ஆகஸ்டில் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்றிருந்த குமி நாயுடு இந்த நெருக்கடியையும் பெரிய பட்ஜெட் பற்றாக்குறையையும் ஒருங்கே சமாளிக்க வேண்டியிருந்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி 2019 டிசம்பரில் அவர் விலகினார். புதிய தலைவர் உண்டாக்காத சிக்கலும் அவர் கையில்தான் வந்து சேரும் என்பதற்கு இது தெளிவான சான்று.

ஆகவே விண்ணப்பிப்பவர் வாய்ச்சொல்லைக் கேட்டு நிறைவடையாமல் தாள்களைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தில் உயர் நிர்வாகிகளின் ஊதியம் உட்படப் பெரும்பாலான விவரங்கள் பொதுவெளியில் இருக்கும். பிரிட்டனில் அறக்கட்டளைப் பதிவேட்டில் கணக்குகளைப் பார்க்கலாம். 60,000 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெறுவோர் எத்தனை பேர் என்பதும் அதில் தெரியும். இந்தியாவில் அந்த அளவு எளிதில்லை. மூன்றாண்டு தணிக்கை அறிக்கை, வருமான வரிப் பதிவின் நிலை, வெளிநாட்டு நன்கொடைப் பதிவு எந்த ஆண்டு காலாவதியாகிறது, துறை சார்ந்த நோட்டீஸ் ஏதேனும் நிலுவையில் உள்ளதா, கடைசி ஐந்து வாரியக் கூட்டங்களின் தீர்மானங்கள் ஆகியவற்றை இறுதிச் சுற்றுக்கு வந்தவர் கேட்டுப் பெறலாம். தர மறுக்கும் நிறுவனத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் இந்தப் பதவியின் உள்ளடக்கத்தையே மாற்றிவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50%-லிருந்து 20%-ஆகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணத்தை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதற்குத் தடை வந்தது. டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு கட்டாயமானது. பொறுப்பாளர்கள் மாறினால் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தலைமை நிர்வாகியின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேர்வதால், சம்பளப் பேச்சும் இந்த 20% வரம்புக்குள்தான் நடக்கிறது. இதை அறியாமல் ஒப்புக்கொண்ட தொகையைத் தர முடியாமல் திணறும் நிலை வாரியத்துக்கும் வரலாம்.

நிறுவனர் பற்றிய கேள்வியை விண்ணப்பதாரர் தயங்காமல் கேட்க வேண்டும். அவர் வாரியத்தில் தொடர்வாரா, ஊழியர்கள் குறையோடு அவரிடம் போனால் என்ன சொல்வார், காசோலையில் யார் கையெழுத்து? அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்குக் கடைசிக் கேள்வியின் பதிலே பெரும்பாலும் போதுமானது.

அறைக்குள் வராதவர்கள்

தமிழ்நாட்டின் தொண்டு நிறுவனங்களில் களப்பணி தமிழில் நடக்கிறது. தலைமைப் பதவிக்கான நேர்காணலோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது உண்மைத் தேவை. ஆனால் அந்த ஒரு தேவை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும்போது, பதினைந்து ஆண்டு களத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர் விண்ணப்பம் போடவே யோசிக்கிறார். கிராமத்திலிருந்து, தலித், பழங்குடிச் சமூகங்களிலிருந்து, அந்தச் சமூகங்களுக்காகவே நடக்கும் நிறுவனங்களின் மேல்மட்டத்துக்கு ஆட்கள் வருவது இதனால் தடைபடுகிறது. நேர்காணலின் பாதியைத் தமிழில் நடத்தலாம். எழுத்துத் தேர்வு வேண்டுமானால் தனியே வைக்கலாம். ஊதிய வரம்பை விளம்பரத்திலேயே சொன்னால், பேரம் பேசிப் பழகாதவர்கள் நட்டமடைவது குறையும்.

தடைகளைத் தாண்டி வருபவர்களுக்கும் சோதனை காத்திருக்கலாம். மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற பிரிட்டன் ஆய்வாளர்கள் 2005-ல் லண்டன் பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து, நிறுவனம் சரிவில் இருக்கும் காலத்தில்தான் பெண்கள் இயக்குநர் குழுவுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டார்கள். நெருக்கடி நேரத்தில் அழைக்கப்படுவது பெண்கள் மட்டுமல்ல. ஆக்ஸ்ஃபாமின் பிரிட்டன் அமைப்பு ஹைட்டி விவகாரத்தால் நன்கொடையாளர்களின் நம்பிக்கையை இழந்து தவித்த நேரத்தில், 2019 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலராக வந்தவர் இலங்கையில் பிறந்த தமிழரான தனஞ்சயன் ஸ்ரீஸ்கந்தராஜா. சிவிகஸ் என்ற உலகளாவிய குடிமைச் சமூகக் கூட்டமைப்பை அதற்கு முன் வழிநடத்தியவர். 2023 இறுதிவரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இப்படிக் கடினமான காலத்தில் ஒருவரை அழைக்கும் வாரியம், அவருக்கு எவ்வளவு காலமும் என்ன ஆதரவும் தரப்போகிறது என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தருவது நியாயம்.

உள்ளிருந்து விண்ணப்பிப்பவர்களை நடத்தும் விதமும் கவனிக்கத்தக்கது. உள்ளே உள்ளவர் என்பதற்காக அவருக்கு ஒரு சுற்றைக் குறைப்பதும், மரியாதைக்காக மட்டும் அவரை அழைப்பதும் இரண்டுமே அநீதி. அவருக்கும் அதே கேள்வி, அதே தாள், அதே மதிப்பெண். தேர்வாகாவிட்டால் காரணத்தை வாரியத் தலைவர் நேரில் சொல்ல வேண்டும். மறுநாள் முதல் புதியவரோடு வேலை செய்யப்போகிறவர் அவர்.

செலவு யாருடையது

இவ்வளவையும் செய்யப் பணம் வேண்டும். விளம்பரம், வெளியூர் விண்ணப்பதாரர்களின் பயணம், கள ஊழியர்களையும் பயனாளிகளையும் அழைத்துவந்து அவர்களுக்கு ஒரு நாள் கூலி தருவது, பழைய தலைவரும் புதியவரும் இரண்டு மாதம் சேர்ந்து பணியாற்றுவது என்று எல்லாமே செலவு. திட்டத்துக்கு மட்டுமே நிதி தருகிற நன்கொடையாளர்களின் விண்ணப்பப் படிவத்தில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்கீழ் லாபத்தில் 2% செலவிடும் நிறுவனங்கள், தங்கள் கம்பெனிக்குத் தலைமைச் செயல் அலுவலர் தேடும்போது ஆள்தேடும் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கத் தயங்குவதில்லை. அவை நிதியளிக்கும் தொண்டு நிறுவனத்தில் தலைமை மாறும் ஆண்டில், அந்தத் தேர்வுக்கும் ஒப்படைப்புக் காலத்துக்குமான செலவை மானியத்தில் தனி இனமாகச் சேர்க்கலாம். அறங்காவலர்கள் அடுத்த நிதி விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கத் தொடங்க வேண்டும். இப்போதைய தலைவர் பதவியில் இருக்கும்போதே, அவரையும் உடன் வைத்துக்கொண்டு, அவருக்குப் பின் வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் முதல் வரைவை எழுதி வாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வைக்கலாம்.